“எங்க கூட்டத்துக்கே பிரஷர் உண்டு” – ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?

பவானிக்கரை · 3 ஜூன் 2025, காலை 7.10

அப்பாருக்கு (தாத்தாவுக்கு) பிரஷர், பெரியப்பாவுக்குப் பிரஷர். அப்பாவுக்கு 38 வயசுல வாதம் வந்து ஒரு கை விழுந்துபோச்சு. இப்ப தம்பிக்கு 29, மேல 160 காட்டுது. எங்க கூட்டத்துக்கே, அதாவது எங்க குலத்துக்கே, இந்த வாகு உண்டுங்கறாங்க. எச்சில் எடுத்துப் பார்க்கற ஜீன் டெஸ்ட் ஒண்ணு இருக்குதாம், எந்த ஜீன்னு தெரிஞ்சுட்டா அதுக்குத் தக்கன மாத்திரை போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். எடுக்கலாமுங்களா? குழந்தைகளுக்கும் சேர்த்து எடுக்கோணுமா?

நொய்யல் · 3 ஜூன், காலை 9.45

எச்சில் டெஸ்ட் வேண்டாமுங்க. பெரும்பாலான பிரஷருக்கு “எந்த ஜீன்” என்ற கேள்வியே பொருந்தாது.

1950-களில் இங்கிலாந்தில் இதே சர்ச்சை நடந்தது. பிளாட் என்ற மருத்துவர், ஒரே மரபணுதான் காரணம், பிரஷர்காரர்கள் தனி வகை என்றார். பிக்கரிங் ஒப்பவில்லை. உயரம் எப்படியோ பிரஷரும் அப்படித்தான், குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத மாதிரி இதிலும் முடியாது, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றி இறக்குகின்றன என்றார். பிக்கரிங் சொன்னதுதான் நின்றது. 10 லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த 2018 ஆய்வோடு, மரபணுத் தொகுதியில் பிரஷரோடு தொடர்புள்ள இடங்கள் 901 ஆயின. 2024-ல் வந்த அடுத்த பெரிய ஆய்வில் தனித்தனிக் குறிகள் (ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடங்கள்) 2,103. இவற்றில் பெரும்பாலானவை தனியாக ஏற்றுவது 1 மி.மீ. பாதரசம்கூட இருக்காது.

எச்சில் டெஸ்ட்காரர்கள் இந்தக் குறிகளைக் கூட்டித்தான் ஒரு மதிப்பெண் போட்டுத் தருகிறார்கள். அந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட கணக்கை ஈரோட்டு ஆளுக்கு வைத்தால் கணிப்பு மங்கிவிடும். நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, இந்த 2025 ஜனவரியில்தான் தரவைத் திறந்துவிட்டிருக்கிறது.

ஆனால் 29 வயதில் 160 என்பதும், அப்பாவுக்கு 38-ல் வாதம் என்பதும் விட்டுவிடும் விஷயமில்லை. தம்பிக்குப் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா? அதைச் சொல்லுங்க. மற்றது அப்புறம்.

நொய்யல் · 3 ஜூன், இரவு 8.30

கூட்டம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

கண்ணன் கூட்டமோ பொருளந்தைக் கூட்டமோ, எதுவானாலும் அப்பன் வழியாக மட்டும் போவது. அதோடு ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய மாறாமல் இறங்குவது ஒய் குரோமோசோம் ஒன்றுதான். பிரஷர் குறிகள் கிடப்பது மற்ற 22 ஜோடிகளில். அங்கே தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பாதியாகிக்கொண்டே போகும். ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒரு பாட்டனிடமிருந்து உங்களுக்கு வருவது சராசரியாக 128-ல் ஒரு பங்கு. அம்மா வழியில், அப்புச்சி வீட்டிலிருந்தும் அமுச்சி வீட்டிலிருந்தும் வந்ததோ பாதி! ஆனால் அங்கே யாருக்குப் பிரஷர் என்று யாரும் கேட்பதேயில்லை.

பங்காளிகள் பலருக்கும் பிரஷர் இருந்தால் மரபணுவை மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரே ஊர், ஒரே போர்த் தண்ணீர், ஒரே கைப்பக்குவத்து ஊறுகாய். அதுவும் குடும்ப வழியாகத்தான் வருகிறது.

குடும்ப வரலாறு எழுதும்போது அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று இரண்டு பத்தியாக எழுதுங்க. ஒவ்வொருவருக்கும் பிரஷர் எந்த வயதில் கண்டது, எத்தனை மாத்திரை, வாதம் வந்ததா, வந்தது அடைப்பா ரத்தக்கசிவா, டயாலிசிஸ் வரை போனதா. இந்த ஒரு தாள் எச்சில் டெஸ்டைவிட அதிகம் சொல்லும்.

ஆய்வக மேசை · 4 ஜூன்

ஒரு எண்ணைப் பலரும் தப்பாகப் படிப்பதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். பிரஷரின் மரபுப் பங்கு 30 முதல் 50 சதவீதம் என்று எல்லாக் கட்டுரையிலும் வரும். உங்கள் 160-ல் 40 சதவீதத்தை அப்பா கொடுத்தார் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மக்கள்தொகைக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் எத்தனை பங்கு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதே அந்தக் கணக்கு. தனி ஆளுக்கு அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பவானிக்கரை · 4 ஜூன்

அப்ப இந்த ரெண்டாயிரம் இடமும் கெட்டுப்போய்க் கிடக்குதுங்களா எங்களுக்கு?

நொய்யல் · 5 ஜூன்

கெட்டுப்போகவில்லை. இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதே இதுதான்.

அந்தக் குறிகளில் மிகப் பெரும்பாலானவை புரதத்துக்கான எழுத்தில் இல்லை. மரபணுவுக்கு முன்னாலும் பின்னாலும் நடுவிலும், புரதம் செய்யாத பகுதிகளில் கிடக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் ஓடுவது எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான். மடையை எவ்வளவு திறக்கிறோம், எத்தனை நாள் திறந்து வைக்கிறோம் என்பதில்தான் வயலுக்கு வயல் வித்தியாசம். பிரஷரில் நாம் வாங்கிப் பிறப்பது பெரும்பாலும் மடையின் அளவை.

ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். யூரோமாடுலின் என்று ஒரு புரதம், நலமாக இருப்பவரின் சிறுநீரில் மிக அதிகமாக இருப்பது இதுதான். சிறுநீரகத்துக்குள் ஹென்லே வளைவின் தடித்த ஏறுகுழாயில் தயாராகிறது. இதற்கான மரபணுவின் முகப்பில், புரோமோட்டர் என்ற பகுதியில், ஓர் எழுத்து மாறியிருந்தால் தயாரிப்பு கூடும். புரதம் அதேதான், அளவு மட்டும் அதிகம். அம்மா கொடுத்ததும் அப்பா கொடுத்ததும் அந்த வகையாகவே இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கூடுதல் யூரோமாடுலின் அந்தக் குழாயில் உப்பை இழுக்கும் பம்பை முடுக்கிவிடுகிறது. சிறுநீரில் போகவேண்டிய உப்பு ரத்தத்துக்கே திரும்புகிறது, கூடவே தண்ணீரும். 2013-ல் இதை எலியிலும் மனிதரிலும் காட்டினார்கள். இரண்டு பிரதியும் அந்த வகையாக இருந்த பிரஷர்காரர்களுக்கு, அதே பம்பை அடைக்கும் பியூரோஸ்மைடு என்ற நீர் மருந்து கொடுத்தபோது மற்றவர்களைவிட நன்றாக இறங்கியது.

இது அபூர்வமான எழுத்துமில்லை, மனிதரில் பெரும்பான்மையிடம் இருப்பதே இந்த வகைதான். உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் இப்படிப் பிடித்து வைத்த உடம்பு பிழைத்திருக்கும். இன்று அதே உடம்பு கடைவீதி மிக்சரோடு மல்லுக்கு நிற்கிறது.

நொய்யல் · 5 ஜூன், சற்று நேரம் கழித்து

மடை என்றதும் முகப்பில் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபணுவிலிருந்து செய்தி ஆர்.என்.ஏ. கிளம்பிய பிறகும் அடைப்பு உண்டு. இதயம் சுரக்கும் ஏ.என்.பி. என்ற ஹார்மோன் உப்பை வெளியேற்றிப் பிரஷரை இறக்கும். அதன் செய்தியின் வால் பகுதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 425 என்ற குட்டித் துணுக்கு வந்து ஒட்டி, உற்பத்தியை அமுக்குகிறது. சிலருக்கு ஒட்டுமிடத்தில் ஓர் எழுத்து வேறு, துணுக்கு ஒட்டாது. அவர்களுக்கு ஏ.என்.பி. கூடுதல், பிரஷர் கொஞ்சம் குறைவு. மரபணு நன்மையும் செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பவானிக்கரை · 9 ஜூன்

தம்பி ரிசல்ட் வந்துருச்சுங்க. பொட்டாசியம் 3.1, கிரியாட்டினின் 0.9, சிறுநீரில் புரதம் இல்லை. நீர் மாத்திரை எதுவும் போடலை, பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மட்டும். பொட்டாசியம் குறைவுன்னா இளநீர் குடிச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க.

நொய்யல் · 9 ஜூன்

இளநீர் குடிக்கட்டும், ஆனால் அதோடு விட்டுவிடாதீங்க. நீர் மாத்திரையோ வாந்தி பேதியோ இல்லாமல் 3.1 என்றால், பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சிறுவயதுப் பிரஷரும் சேர்ந்திருப்பதால், நான் முதலில் சொன்ன “எந்த ஜீன் என்று கேட்காதீங்க” இங்கே பொருந்தாமல் போகலாம். ஒற்றை மரபணு வகைகள் அபூர்வம், ஆனால் உண்டு. அவற்றுக்கு மாத்திரையே வேறு.

எல்லாமே கடைசியில் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் கோளாறுதான். ரெனின் (சிறுநீரகம் சுரப்பது, ஆல்டோஸ்டிரோனைத் தூண்டிவிடும்), ஆல்டோஸ்டிரோன் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன், உப்பைப் பிடித்துவைக்கும்), பொட்டாசியம் மூன்றையும் வைத்துப் பிரிக்கலாம்.

ரெனின் தாழ்ந்து ஆல்டோஸ்டிரோன் உயர்ந்திருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு சிறு கட்டியோ இரண்டு பக்கமும் வீக்கமோ இருக்கும், அது பரம்பரை இல்லை. பரம்பரையாக வரும் வகை ஒன்று உண்டு, 1992-ல் பிடிபட்டது. ஆல்டோஸ்டிரோன் செய்யும் மரபணுவும், அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் வழியில் வேலை செய்யும் இன்னொரு மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எழுத்தும் 95 சதவீதம் ஒத்திருக்கும். விந்தணுவோ கருமுட்டையோ உண்டாகும்போது இரண்டும் இடம் வழுக்கி, ஒன்றின் முகப்பு இன்னொன்றின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஸ்டார்ட்டரில் நம் கிணற்று மோட்டார் வயரைக் கொடுத்தது மாதிரி. மோட்டாரில் பழுதில்லை. ஆனால் அவர் எப்போது சுவிட்சைப் போட்டாலும் நம் மோட்டார் ஓடும், நம் வயல் நிரம்பிவிட்டதா என்று பார்க்காது. இங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கும், கார்டிசாலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். அதனால்தான் சிறு அளவு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து ஏ.சி.டி.எச்.ஐ அடக்கினால் ஆல்டோஸ்டிரோன் விழுந்துவிடுகிறது. இந்தக் குடும்பங்களில் 40 வயதுக்குள் மூளையில் ரத்தக்கசிவு வருவதுண்டு. அப்பாவுக்கு 38-ல் வந்தது அடைப்பா கசிவா? பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க.

ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுமே தாழ்ந்து, பொட்டாசியமும் தாழ்ந்தால் லிடில் நோயை நினைக்கவேண்டும். சிறுநீரகக் குழாயின் கடைசியில் இருக்கும் சோடியம் வாசல்களை வேலை முடிந்ததும் கழற்றி உள்ளே எடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. வாசலின் வால் பகுதி மாறிப்போனால் கழற்றும் புரதத்துக்குப் பிடிமானம் கிடைக்காது, வாசல் திறந்தே கிடக்கும். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இதில் வேலை செய்யாது, வாசலையே அடைக்கும் அமிலோரைடு செய்யும். மாத்திரைக்கு மாத்திரை பதில் மாறுவதே ஒரு துப்பு.

பொட்டாசியம் உயர்ந்து, சிறுநீரகம் நன்றாக இருந்து, பிரஷரும் இருந்தால் கார்டன் நோய். 2001-ல் கண்ட ஒரு வகையில் டபிள்யூ.என்.கே.1 என்ற மரபணுவின் முதல் இன்ட்ரானில் (மரபணுவுக்கு நடுவே புரதம் செய்யாத பகுதியில்) ஒரு நீளத் துண்டே காணாமல் போயிருந்தது. புரத எழுத்தில் ஒன்றும் மாறவில்லை, மடை மட்டும் அகலமாகிவிட்டது. தயசைடு நீர் மாத்திரை சிறு அளவிலேயே நன்றாகக் கேட்கும்.

நொய்யல் · 10 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஸ்டார்ட்டர் மாறிய வகையில் பொட்டாசியம் கட்டாயம் தாழ்ந்திருக்கும் என்று படும்படி எழுதிவிட்டேன். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று அந்த வகையைத் தள்ளிவிடக்கூடாது. குடும்பத்தில் இளவயது வாதமே வலுவான அடையாளம்.

மாத்திரைப்பட்டை · 10 ஜூன்

டெஸ்டுக்கு முன்னால் ஒன்று கேளுங்க: தம்பி அதிமதுரம் சாப்பிடுகிறாரா? தொண்டைக்கட்டுக்கு வாயில் அடக்கும் குச்சி, இருமல் லேகியம், பால் பொடி, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், எதுவாக இருந்தாலும். கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி சிறுநீரகத்தில் இருக்கிறது. அதிமதுரத்தின் சத்து அந்த நொதியை அடைத்துவிடும். கார்டிசால் போய் ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் தாழ்ந்திருக்கும். லிடில் நோய் மாதிரியே காட்டும். நிறுத்திய பிறகும் விளைவு அடங்க வாரக்கணக்கில் ஆகும். “நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க” என்று கேட்டால் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பேர் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

நொய்யல் · 10 ஜூன்

நல்ல நேரத்தில் சொன்னீங்க. அதே நொதியின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. எடை குறைவாகப் பிறந்து, சிறு வயதிலேயே கடும் பிரஷர், தாழ்ந்த பொட்டாசியம். சிறுநீரில் கார்டிசாலுக்கும், அதன் செயலிழந்த வடிவமான கார்டிசோனுக்கும் உள்ள விகிதம் பார்த்தால் தெரியும்.

நம்மூரில் கவனிக்கவேண்டியது இது. கூட்டத்துக்குள் கட்டமாட்டோம், ஆனால் அத்தை மகள், மாமன் மகள் முறை உண்டு, சில வீடுகளில் அக்கா மகளும். முறைப்பிள்ளைகள் தங்களுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள், தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களுக்கு இது வழி திறக்கும். மேலே சொன்ன மற்ற மூன்று நோய்களுக்கும் பெரும்பாலும் ஒரு பிரதியே போதும். அவை சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. சாதாரணப் பிரஷருக்குச் சொந்தக் கல்யாணத்தைக் குற்றம் சொல்ல இதில் ஆதாரம் தேடவேண்டாம்.

ஆய்வக மேசை · 12 ஜூன்

ரெனின்–ஆல்டோஸ்டிரோன் ரத்தம் எடுப்பதில் நடக்கும் தப்புகளை எழுதுகிறேன். இதில்தான் பாதி ரிப்போர்ட் வீணாகிறது.

காலையில், படுக்கையை விட்டு எழுந்து குறைந்தது 2 மணி நேரம் நடமாடிய பிறகு, 5 முதல் 15 நிமிஷம் உட்காரவைத்து எடுக்கணும். உப்பைக் குறைத்துவிட்டு வரச்சொல்லக்கூடாது, குறைத்தால் ரெனின் ஏறி உண்மையை மறைக்கும். பொட்டாசியம் தாழ்ந்திருந்தால் முதலில் டாக்டர் சொல்படி சரிசெய்யணும். தாழ்ந்த பொட்டாசியம் ஆல்டோஸ்டிரோனை இறக்கி, ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்து வரும் விகிதத்தைப் பொய்யாக இயல்பாகக் காட்டும்.

கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி நரம்பு தேடக்கூடாது. தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து 3.1 இருப்பது 3.6 ஆகிவிடும். ரத்தம் உடைந்தாலும் அதே கதை.

இனி பெரிய தப்பு. கோபியிலோ தாராபுரத்திலோ எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கோவைக்கு அனுப்புவது. வேறு பல ஹார்மோனுக்கு ஐஸ் நல்லது, ரெனினுக்குக் கெடுதல். குளிரில் புரோரெனின் (ரெனினின் முன்வடிவம்) ரெனினாக மாறிவிடும், ரெனின் பொய்யாக உயரும், விகிதம் பொய்யாக இறங்கும், நோய் தப்பிவிடும். ரத்தமாக இருக்கும்வரை அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். இயந்திரத்தில் சுற்றிப் பிளாஸ்மா (செல்கள் நீங்கிய நீர்ப்பகுதி) பிரித்த பிறகு சட்டென்று உறையவைத்து அனுப்பணும். பாதியில் குளிர்ந்து பாதியில் உருகும் பயணம் கூடாது. முடிந்தால் ஆளையே அந்த ஊருக்கு அனுப்பி அங்கே எடுப்பது உத்தமம்.

நொய்யல் · 12 ஜூன்

மாத்திரைகள் பற்றிச் சேர்க்கிறேன். ஸ்பைரோனோலாக்டோன், எப்லரினோன், அமிலோரைடு இருந்தால் 4 வாரம் நிறுத்தியபின் எடுப்பது வழக்கம், அதிமதுரமும் அப்படித்தான். அடினோலால் வகைகள் ரெனினை அமுக்கி இல்லாத நோயைக் காட்டும். எனலாப்ரில், டெல்மிசார்டன் வகைகளும் நீர் மாத்திரையும் ரெனினை ஏற்றி இருக்கும் நோயை மறைக்கும். இடையில் வெராபமில், பிரசோசின் மாதிரி மாற்று கொடுப்பார்கள். இதை டாக்டர்தான் மாற்றணும். 160 இருக்கும் ஆளுக்கு வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பவானிக்கரை · 20 ஜூன்

அம்மா கேட்கச் சொன்னாங்க: ஜீன்தான் காரணம்னா உப்பைக் குறைச்சு என்ன ஆகப்போகுது?

நொய்யல் · 21 ஜூன்

மடையை உப்பும் அசைக்கிறது, அதனால்தான் அம்மா கேள்வி சரியான கேள்வி.

ஜப்பானில் 2011-ல் எலிகளில் காட்டினார்கள். உப்பு மிகுந்த தீனியும் பரிவு நரம்பின் தூண்டுதலும் சேரும்போது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் ஒரு வேதிக்குறி மாறுகிறது. அதனால் டபிள்யூ.என்.கே.4 என்ற மரபணுவின் குரல் தணிந்துபோகிறது. அது அடக்கிவைத்திருந்த உப்புப் பம்பு கட்டவிழ்கிறது. மரபணு எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. எலியில் கண்டது மனிதரில் அப்படியே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உப்பை மரபணு எப்படிக் கையாள்கிறதோ, மரபணுவை உப்பும் அப்படிக் கையாள்கிறது என்று காட்டிய வேலை அது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். 1 கிலோ உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்க. 4 பேர் வீட்டில் 50 நாள் வந்தால் ஆளுக்கு 5 கிராம். 25 நாளில் தீர்ந்தால் 10 கிராம். வடித்த தண்ணீரில் போனதைக் கழிக்கணும், வெளியே தின்ற மிக்சர், பரோட்டா, பாக்கெட் ஊறுகாயைக் கூட்டணும்.

அரிசிம்பருப்பு சாதத்தில் உப்பு பெரிதாக ஏறுவதில்லை, கூட வரும் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாயில்தான் ஏறுகிறது. களிக்கு உப்புப் போடாமல் கிண்டி, உப்பைக் குழம்போடு நிறுத்தலாம். சாதம் வடிக்கும்போது போடும் உப்பை முதலில் நிறுத்துங்க, சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

ஆய்வக மேசை · 21 ஜூன்

தண்ணீரையும் கணக்கில் சேருங்க. சாயக்கழிவின் உப்பு நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைவரை போய்த் தேங்கியது எல்லாருக்கும் தெரியும். போர்த் தண்ணீரை டி.டி.எஸ். (கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு) மீட்டரில் மட்டும் பார்த்தால் போதாது. அது சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் சேர்த்துக் காட்டும், சோடியம் தனியாக எவ்வளவு என்று சொல்லாது. சோடியம் தனியாகக் கேட்டு வாங்குங்க. லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வந்தால், நாளைக்கு 3 லிட்டர் குடிப்பவருக்கு 900 மில்லிகிராம் சோடியம். உப்புக் கணக்கில் இரண்டேகால் கிராம். தண்ணீரிலேயே பாதி ஒதுக்கீடு போய்விட்டது. கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் மாட்டினால் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஏறும். குடிக்கும் குழாயை அதில் கோக்கக்கூடாது.

மாத்திரைப்பட்டை · 23 ஜூன்

சோடியம் குறைந்த உப்பு என்று இப்போது கடையில் கேட்கிறார்கள். சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவில் 20,995 பேரிடம் முக்கால் பங்கு, கால் பங்கு கலவை கொடுத்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். வாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல சரக்குதான், எல்லாருக்கும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் தாளம் தப்பும். மேலே சொன்ன கார்டன் நோய்க்காரருக்கு இது விஷம். பொள்ளாச்சி இளநீரும் அதே வரிசைதான், 300 மில்லியில் 600 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் வரும்.

பவானிக்கரை · 8 ஜூலை

ரிப்போர்ட் வந்துருச்சுங்க. ரெனின் தாழ்வு, ஆல்டோஸ்டிரோன் உயர்வு. அப்பா பழைய ஸ்கேன்ல ரத்தக்கசிவுன்னுதான் போட்டிருக்கு. எக்சோம் டெஸ்ட் எடுத்துட்டா முடிவு தெரிஞ்சுடுமுன்னு ஒரு யோசனை சொன்னாங்க.

நொய்யல் · 8 ஜூலை

இதற்கு எக்சோம் சரிப்படாது. எக்சோம் படிப்பது புரதம் செய்யும் பகுதிகளை, அதுவும் துண்டு துண்டாக. ஸ்டார்ட்டர் மாறிய வகையில் இரண்டு மரபணுக்களும் 95 சதவீதம் ஒத்திருப்பதால், துண்டுகளை எந்த மரபணுவில் பொருத்துவது என்று இயந்திரம் குழம்பும். ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாமலே “நார்மல்” என்று வந்துவிடும். கார்டனில் டபிள்யூ.என்.கே.1 இன்ட்ரான் துண்டு போனதும் அப்படியே தப்பும், இன்ட்ரானை எக்சோம் படிப்பதே இல்லை. லிடில் மாதிரி எழுத்து மாறியதை நன்றாகப் பிடிக்கும். மடையில் கோளாறு இருக்க, வயலைப் படமெடுத்தால் எப்படித் தெரியும்!

கேட்கவேண்டியது ஒட்டு மரபணுவுக்கான லாங் பி.சி.ஆர்., ஒட்டுப்போட்ட நீளத் துண்டையே பெருக்கிப் பார்க்கும் டெஸ்ட். அந்தப் பெயரைச் சொல்லியே எழுதி வாங்குங்க. வயிற்று சி.டி.யில் அட்ரினலையும் பார்ப்பார்கள், பரம்பரை இல்லாத கட்டிதான் இன்னும் அதிக வாய்ப்பு. ஒட்டு உறுதியானால் தம்பிக்கு மூளை ரத்தக்குழாய்க்கு எம்.ஆர். ஆஞ்சியோ தேவைப்படும். வைத்தியம் சிறு அளவு ஸ்டீராய்டோ, ஸ்பைரோனோலாக்டோனோ, எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர் முடிவுசெய்வார்.

நொய்யல் · 2 ஆகஸ்ட்

ஜூன் 12 குறிப்பைத் திருத்துகிறேன். ஜூலையில் எண்டோகிரைன் சொசைட்டி புதிய வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பிரஷர் உள்ள எல்லாருக்கும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் ஒருமுறை பார்க்கலாம் என்கிறது, முதல் பரிசோதனைக்கு மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை என்றும் சொல்கிறது. மாத்திரை போட்டபடியே எடுத்து, எந்த மாத்திரை எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்து படிக்கவேண்டும். டெல்மிசார்டன் போட்டும் ரெனின் தாழ்ந்தே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குழப்பமான முடிவு வந்தால் மட்டும் நிறுத்தி மறுபடி எடுப்பது. நான் எழுதியதைப் படித்து 4 வாரம் காத்திருக்க நினைத்தவர்கள் இதைக் கவனியுங்க.

மாத்திரைப்பட்டை · 3 ஆகஸ்ட்

ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, மரபணுவையே மாற்றிவிடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அது என்ன?

நொய்யல் · 3 ஆகஸ்ட்

சிலிபிசிரான். மரபணுவை மாற்றாது. ஆஞ்சியோடென்சினோஜன் என்ற மூலப்பொருளைக் கல்லீரல் செய்கிறது. அதற்கான செய்தி ஆர்.என்.ஏ.வை இந்த ஊசி கல்லீரல் செல்லுக்குள் வெட்டிப்போடுகிறது. மரபணு அப்படியே இருக்கும், செய்தி மட்டும் போய்ச் சேராது. 2023-ல் வந்த முதல் கட்ட ஆய்வில் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஒரே தடவை போட்டவர்களுக்கு மேல் அளவு 10-க்கு மேல் இறங்கி, 24 வாரம் வரை நின்றது. இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, கடையில் தேடவேண்டாம். ஒருமுறை போட்டால் மாதக்கணக்கில் நிற்பதால், கடும் வயிற்றுப்போக்கில் பிரஷர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் பார்க்கவேண்டிய விஷயம்.

பவானிக்கரை · 19 ஆகஸ்ட்

லாங் பி.சி.ஆர். பாசிட்டிவ்ங்க. ஒட்டு இருக்குது. டாக்டர் ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பிச்சு, ஆஞ்சியோ எழுதிக்குடுத்திருக்கார். எனக்கு 36, இதுவரைக்கும் பிரஷர் இல்லை. எனக்கும் குழந்தைகளுக்கும் என்ன பண்ணோணும்?

நொய்யல் · 19 ஆகஸ்ட்

நீங்களும் எடுக்கணும். வாய்ப்பு பாதிக்குப் பாதி, இப்போது பிரஷர் இல்லாததால் இல்லை என்று ஆகாது. இந்த ஒட்டு இருந்தும் பிரஷர் இயல்பாக இருப்பவர்கள் உண்டு. முழு மரபணுத் தொகுதியைத் துழாவத் தேவையில்லை, அந்த ஒரே ஒட்டுக்கு மட்டும் பார்த்தால் போதும். உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கவேண்டியதில்லை. தம்பிக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு எடுக்கணும். பெரியப்பா வீட்டையும் விடாதீங்க, அத்தைமார் பிள்ளைகளையும். அவர்கள் வேறு கூட்டம் என்பதால் யாரும் நினைக்கமாட்டார்கள்.

முடிவு வரும்வரை பிரஷரை ஒழுங்காக அளங்க. கைச்சுற்றளவை டேப்பில் பார்த்துப் பட்டை வாங்குங்க. 22 முதல் 32 செ.மீ. வரை சாதாரணப் பட்டை, அதற்கு மேல் பெரியது. தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் 5 முதல் 20 வரை கூட்டிக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் பேசாமல் இருங்க. கை இதய மட்டத்தில் மேசைமேல். 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7 கூடும். காலை இரண்டு, மாலை இரண்டு, ஒரு நிமிஷ இடைவெளியில், 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுங்க. வீட்டு அளவில் 135/85-க்கு மேல் இருந்தால் பிரஷர்தான். பிள்ளைகளுக்கு 3 வயதிலிருந்து வருஷம் ஒருமுறை குழந்தைப் பட்டையில். அவர்களுக்கு அளவுகோல் வயதும் உயரமும் பார்த்து மாறும், 120/80 என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வக மேசை · 20 ஆகஸ்ட்

பெரியப்பா வீட்டில் ரெனின் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ரெனினை இரண்டு விதமாக அளக்கிறார்கள்: செயல்திறனாக, அல்லது நேரடி அளவாக. ஆல்டோஸ்டிரோனையும் நானோகிராமிலும் தருகிறார்கள், பிகோமோலிலும் தருகிறார்கள். விகிதம் 20, 30 என்று படிக்கும் எல்லை, நானோகிராமும் செயல்திறனும் சேர்ந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும். தம்பி எடுத்த லேபிலேயே, அதே முறையில் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கும், அது இல்லாமல் எண்ணை மட்டும் போனில் அனுப்பாதீங்க.